வாகனமும் நாமும்: வெயில் காட்டிக்கொடுக்கும் சுழல் கீறல்கள்



இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எமது குடும்பங்கள் முதன்முதலாக வாங்கும் பெரிய பொருள் பெரும்பாலும் ஒரு பாவித்த கார்தான். வீடு பிறகு வரும், கார் முந்திவிடும். கிரான்பர்ன் போன்ற ஒரு புறநகரில் கார் இல்லாமல் வேலைக்குப் போவதும், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் எவ்வளவு சிரமம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அதனாலேதான் சனிக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக இறங்கி அதைக் கழுவித் துடைக்கிறோம். அந்தக் கழுவலே காருக்குக் கெடுதலாக முடியலாம் என்பதையே இம்முறை பேச எடுத்துக்கொண்டோம்.

எமது வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். ஊரிலிருந்து வந்து எம்முடன் தங்கிய மாமா, யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் வாடகைக் கார் ஓடியவர். வந்த இரண்டாம் கிழமையே காரைக் கழுவும் பொறுப்பைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். "சும்மா இருக்க ஏலாது தம்பி, இதையாவது நான் பாக்கிறன்" என்றார். ஒரு வாளி, ஒரு ஸ்பொஞ், பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம், துடைக்க ஒரு பழைய சாரம். இடைநாட்களில் தூசி படிந்தால் தண்ணீர் இல்லாமலே அந்தச் சாரத்தால் ஒரு துடைப்பு. கரும்நீலக் கார் பளபளவென்றுதான் நின்றது.

தை மாதத்து வெயில் ஒருநாள் நேராகப் பொனற்றில் விழுந்தபோதுதான் உண்மை தெரிந்தது. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை போல, ஆயிரக்கணக்கான மெல்லிய வளையக் கீறல்கள். "அம்மப்பா காரைக் கீறிப்போட்டார்" என்று பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டான். மாமா ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் வாளியைத் தொடவேயில்லை. காரின் கீறலைவிட அதுதான் எமக்கு வருத்தமாக இருந்தது.

பிழை அவருடையதா? அவர் கை பழகியது வேறு வகை வர்ணத்தில். யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களை எமது மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1990களின் முற்பகுதியில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. அவற்றின் வர்ணம் மேலிருந்து அடிவரை நிறமாகவே இருந்தது. வெயிலில் மேற்பரப்பு மங்கினால், கட்டிங் பேஸ்ற் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டியதுதான். செத்த படை துணியில் நிறமாக ஒட்டிக்கொண்டு வரும், அடியில் புது நிறம் தெரியும். கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு பளபளப்பு.

1980களிலிருந்து உலகெங்கும் பரவிய முறை வேறு. இன்றைய கார்களில் நிறப் படைக்கு மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற ஒரு படை பூசப்பட்டிருக்கிறது. கிளியர் கோற் என்பார்கள். பளபளப்பு முழுவதும் அந்தப் படையில்தான் இருக்கிறது. அதன் தடிப்பு வழக்கமாக 35 முதல் 50 மைக்ரோன் வரைதான். எமது தலைமயிர் ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரோன். அதாவது ஒரு மயிரின் தடிப்பைவிட மெல்லிய படை ஒன்றுதான் வெயிலுக்கும் நிறத்துக்கும் நடுவே நிற்கிறது. சுழல் கீறல்கள் அந்தப் படையின் மேற்பரப்பில் விழுந்தவை. நிறத்தை அவை தொடவில்லை. ஆகவே மீள வழி உண்டு.

இன்னொரு விளக்கமும் தேவை. கீறல்கள் வளையமாகத் தெரிவதால், வட்டமாகத் தேய்த்ததால்தான் வந்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் ஒளியைச் சுற்றி வளையம் போலத் தோன்றுகிறது. இரவில் கராஜில் ஒரு ரோச் லைற்றைப் பிடித்து நகர்த்திப் பாருங்கள். வளையமும் கூடவே நகரும். இருண்ட நிறக் கார்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரில் இருந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கீறுவது துணியல்ல, துணிக்கும் வர்ணத்துக்கும் நடுவே அகப்பட்ட மணல். எமது ஊர் மணலுக்குப் பேர்போன ஊர். கிரான்பர்ன் அரச தாவரவியல் பூங்காவில் 2006இல் திறக்கப்பட்டு 2012இல் முழுமை பெற்ற அவுஸ்திரேலியத் தோட்டம், மணல் தோண்டி முடிந்த ஒரு பழைய குழியின் மேல்தான் அமைந்திருக்கிறது. சுற்றிலும் புது வீட்டுத் திட்டங்களுக்காக நிலம் கிளறப்படும்போதெல்லாம் காற்றில் தூசி எழுந்து கார்களில் வந்து படிகிறது. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7ஆம் இடம். சாதாரண இரும்புக் கத்தியையே அது கீறும். கிளியர் கோற் எம்மாத்திரம்? காய்ந்த தூசியைச் சாரத்தால் துடைப்பதும், உப்புத்தாளால் மெதுவாகத் தேய்ப்பதும் ஒன்றுதான்.

ஆகவே முதல் வேலை புதுக் கீறல் விழாமல் கழுவப் பழகுவது. இதைச் செய்யாமல் பொலிஷ் போட்டால், ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்பிய கதைதான்.

காலையிலோ மாலையிலோ நிழலில் நிறுத்துங்கள். பொனற்றைத் தொட்டால் சூடு இருக்கக் கூடாது. முடிந்தால் புல்லின் மேல் நிறுத்துங்கள், தெரு வடிகானில் போகும் அழுக்கு நீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடைக்கும் கடலுக்கும் போய்ச் சேருகிறது. குழாய் முனையில் விசையை அழுத்தினால்தான் தண்ணீர் வரும் பிடி பூட்டியிருக்க வேண்டும். விக்ரோறியாவின் நீர்ப் பாவனை விதி அப்படி. முதலில் வெறும் தண்ணீரால் தூசியை நன்றாக ஓடவிடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். கழுவும் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசி மணலை உதிர்த்துவிட்டே மீண்டும் ஷாம்பூவில் இடவேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். ரயருக்கும் சில்லுக்கும் தனித் துணி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், இருக்கும் மெழுகையும் அது கொண்டுபோய்விடும். துடைக்கத் தடித்த மைக்ரோபைபர் துவாய் நல்லது. நிலத்தில் விழுந்த துவாயைத் திரும்பவும் காரில் வைக்காதீர்கள்.

தூரிகை சுழலும் தானியங்கிக் கழுவுமிடங்களை முடிந்தவரை தவிருங்கள். நாமே கழுவும் இடங்களில் நுரை வரும் தூரிகையையும் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னர் யாருடைய சேற்று வண்டியில் அது உருண்டதோ தெரியாது. அங்கே அழுத்த நீரை மட்டும் பாவித்தால் போதும்.

இனி இருக்கும் கீறல்களைப் பார்ப்போம். நகத்தை மெதுவாகக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் அது ஆழமான கீறல், பொலிஷால் போகாது, விட்டுவிடுங்கள். தடக்காவிட்டால் கவலையில்லை. அடுத்து, கழுவிக் காய்ந்த மேற்பரப்பில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மரப்பாலும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கின்றன. அதற்கென்று விற்கும் களிமண் கட்டியை, வழுக்கும் திரவம் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் உருட்டி எடுங்கள். களிமண் நிலத்தில் விழுந்தால் குப்பைத் தொட்டிதான், கழுவி எடுத்துப் பாவிக்க வேண்டாம்.

பிறகு பொலிஷ். உதிரிப்பாகக் கடைகளில் பல வகை இருக்கும். மிக மெல்லியதையே முதலில் வாங்குங்கள். "கட்டிங்" என்று எழுதிய கடும் வகையைக் கண்டு மாமாவின் கண்கள் மலர்ந்தன. நாம்தான் மறித்தோம். கறுப்புப் பிளாஸ்ரிக் ஓரங்களையும் கதவு விளிம்புகளையும் காகித ஒட்டுநாடாவால் மூடுங்கள். விளிம்புகளில் வர்ணம் மெல்லியது, பிளாஸ்ரிக்கில் பொலிஷ் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். ஓரமாக ஒரு அடிச் சதுரத்தில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள். மென்மையான நுரைத் திண்டில் சிறிது பொலிஷ் எடுத்து, நடுத்தர அழுத்தத்தில், நேர்கோடாக முன்னும் பின்னும், பிறகு குறுக்காகவும் தேய்த்து, சுத்தமான துவாயால் எடுங்கள். தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் மதுசாரத்தால் ஒருமுறை துடைத்து, ரோச் லைற் பிடித்துப் பாருங்கள். பொலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கக்கூடும். மதுசாரம் அதை எடுத்துவிட்டு உள்ளதை உள்ளபடி காட்டும்.

கையால் செய்தால் கீறல்கள் வெகுவாகக் குறையும், முற்றாகப் போகாது. முழுவதும் போகவேண்டுமானால் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் இரட்டை அசைவு இயந்திரம் வேண்டும். அது புதியவர் கையிலும் ஓரளவு பாதுகாப்பானது. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரமோ வீட்டுத் துளையிடும் கருவியோ வேண்டாம். ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சூடேறிப் படையை எரித்துவிடும்.

இங்கேதான் நாம் வற்புறுத்திச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பொலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள படையைச் சீவி, அதன் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. நகை செய்யும்போது பொற்கொல்லர் சேதாரம் கணக்கிடுவதைப் போல, ஒவ்வொரு பொலிஷுக்கும் ஒரு சேதாரம் உண்டு. மெல்லிய பொலிஷில் அது ஒன்றிரண்டு மைக்ரோனாக இருக்கலாம். ஆனால் முதல் 40, 50 மைக்ரோன்தான், திரும்ப ஊறாது. வெயிலைத் தாங்கும் அந்தப் படை மெலிந்துபோனால் சில வருடங்களில் வெள்ளையாக உரிந்துவிடும். பிறகு திரும்ப வர்ணம் அடிப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே வருடாவருடம் பொலிஷ் போடுவதைப் பெருமையாக எண்ணாதீர்கள். ஒருமுறை சீராக்கி, மெழுகோ செயற்கைப் பூச்சோ தடவி, ஒழுங்காகக் கழுவி வந்தால் நெடுங்காலம் போதும். மெழுகு கீறலைத் தடுக்காது. ஆனால் தூசி ஒட்டாமல் தண்ணீரோடு எளிதில் ஓடிவிடுவதால் தேய்க்கவேண்டிய தேவை குறையும்.

கார் வாங்கப்போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மினுமினுப்பைக் கண்டு மயங்காதீர்கள். கீறலை நிரப்பி மறைக்கும் பூச்சுகள் உண்டு. சில கழுவலில் அவை போய்விடும். இந்தக் காரை வாங்கும்போது எமக்கு நடந்ததும் அதுவே. சில வளையங்கள் மாமா வருமுன்னரே அங்கே இருந்தவை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். வீதிக்கு உகந்தது என்ற சான்றிதழ் பாதுகாப்பைப் பற்றியது, வர்ணத்தின் அழகைப் பற்றியதல்ல. பகல் வெயிலில், கழுவிக் காய்ந்த நிலையில் பாருங்கள். மழையிலும் மாலை இருட்டிலும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதேவேளை, சுழல் கீறல் மட்டும்தான் குறை என்றால் நல்ல எஞ்சின் உள்ள காரைக் கைவிடவும் வேண்டாம். விலையைப் பேசிக் குறைக்க அது ஒரு காரணம், அவ்வளவே.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னோம். வாங்கும்போதே கீறல் இருந்தது என்பதைப் பேரனே போய்ச் சொன்னான். அவர் சிறிது நேரம் பொனற்றைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்ப அமத்தக் கூடாது எண்டு சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவரும் பேரனுமாக, கதவொன்று கதவொன்றாக, கையாலேயே செய்து முடித்தார்கள். உற்றுப் பார்த்தால் இன்னும் சில வளையங்கள் தெரியும். அவற்றை அப்படியே விட்டுவிட்டோம். சாரம் இப்போது கொடியில் இல்லை. இரண்டு வாளிகள் கராஜில் அருகருகே இருக்கின்றன, இரண்டாவதின் தண்ணீர் கலங்கினால் மாற்றும் பொறுப்பு பேரனுடையது.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் காரைத் துடைக்கிறார் என்றால், அவர் கையிலிருந்து துணியைப் பறிக்காதீர்கள். நல்ல துணியைக் கொடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.