கண்ணைக் கூசும் வெளிச்சம்

சென்ற வாரம் பட்டப்பகலில் ஸ்கூட்டரில் போனேன். சிக்னலில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து விரல்களை மூடி மூடித் திறந்தார். "லைட்டு எரியுதும்மா" என்கிறாராம்! 2017 ஏப்ரலிலிருந்து தயாராகும் இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினால் விளக்கும் எரியும். எதிரே வருபவர் கண்ணில் நாம் படவேண்டுமே, அதற்காக. இதைச் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

பகலில் இருக்கும் இந்த அக்கறை ராத்திரியில் எங்கே போகிறதோ!

போன மாதம் அறந்தாங்கியில் ஒரு வரவேற்பு முடிந்து புதுக்கோட்டைக்குக் காரில் திரும்பினோம். இவர்தான் ஓட்டினார். பின்னால் மாமியார் தோளில் சாய்ந்து என் பெண் தூங்கிக் கொண்டிருந்தாள். எதிரே ஒரு லாரி, 'ஹை பீம்' போட்டுக்கொண்டே வந்தது. டிம் பண்ணவே இல்லை. அது கடந்ததும் ஒரே இருட்டு. "ஒண்ணுமே தெரியலையே!" என்று இவர் பிரேக்கை மிதிக்க, பத்தடி முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர்! என் வயிறு இன்னும் கலங்குகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இவருக்கு வந்ததே கோபம். "இனிமே நானும் டிம் பண்ணப் போறதில்லை" என்றார்.

"அவனுக்குக் கண்ணு தெரியாமப் போனா யாரு மேலேடா வந்து மோதுவான்? நம்ம மேலதானே!" என்றார் மாமியார். அதற்கப்புறம் இவர் வாயே திறக்கவில்லை.

அப்படி வெளிச்சம் அடித்தால் அதை நேரே பார்க்காமல், வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டவேண்டும். கார்க் கண்ணாடியில் அழுக்கிருந்தால் கூச்சம் இன்னும் அதிகம். கிளம்புமுன் உள்பக்கமும் துடைப்பது இப்போது என் வேலை. (நேரே போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் போடுகிறார்களே, பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுதான் தெரியும், நாம் திரும்புகிறோம் என்று நினைப்பார். அந்தக் கதை தனி!)

எனக்கு இன்னொரு சந்தேகம். முன்பெல்லாம் இவர் இப்படித் திணறியதில்லையே? ஐம்பது வயது முடிந்துவிட்டது. "எனக்கென்ன, நல்லாத்தான் தெரியுது" என்றவரை விடாமல் கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். ஆரம்பப் புரையாம்! லென்ஸ் மங்கும்போது வெளிச்சம் கண்ணுக்குள் சிதறிவிடுமாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ராத்திரியில் வண்டி ஓட்ட வேண்டாம் என்றார்.

அடுத்த மாதம் நாத்தனார் வீட்டு விசேஷம். பகலிலேயே போய், ராத்திரி அங்கேயே தங்கி வருவதாக ஏற்பாடு. மாமியாருக்கு அதில் ஏக சந்தோஷம்!