ஊசி குத்திய தோளும் உழைப்பாளியின் கூலியும்

தடுப்பூசி போட்ட கை மாதக்கணக்கில் வலிக்கிறது என்று ஓர் உழைப்பாளி சொன்னால் அவருக்குக் கிடைக்கும் பதில் என்ன? "ஊசி என்றால் வலிக்கத்தான் செய்யும், இரண்டு நாளில் போய்விடும்" என்பதே. இரண்டு நாளில் போகாவிட்டால்? "வயசாகிவிட்டது", "வாயுப் பிடிப்பு", "வேலைக்கு ஒளிகிறாள்" - இவற்றில் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். இந்தப் பதில்கள் போதாது என்று நாம் கூறுகிறோம். அந்த வலிக்கு உடற்கூற்றில் காரணம் உண்டு. வைத்தியம் உண்டு. அது வராமல் தடுக்க வழியும் உண்டு.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் கோயில் கொண்ட சாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர். பங்குனியில் நந்தி கல்யாணம் பார்க்க ஜனங்கள் திரண்டு வரும் ஊர் அது. அந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு இருக்கும் ஒரே சொத்து இரண்டு கைகள். நிலமில்லாதவனின் கை முடங்கினால் அடுப்பு அணைகிறது.

"குத்தியது இடது கையில்தானே, வலது கையால் வேலை செய்யலாமே" என்று சொல்லுகிறவர்கள் வயலில் இறங்கிப் பார்க்கட்டும். நடவு நடுகிற பெண் நாற்று முடியைப் பிடித்திருப்பது இடது கையில். கதிர் அறுக்கிறவர் தாளைப் பற்றுவது இடது கையால். கரும்பு வெட்டுகிறவர் கரும்பைப் பிடிப்பதும் அதே கையால். அறுத்த கட்டைத் தலைக்கு ஏற்ற இரண்டு தோளும் உயர வேண்டும். அரியலூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கோ தோள்தான் பிழைப்பு. இவர்களுக்கு இடது கை, வலது கை என்ற வித்தியாசம் ஏது?

ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான வீக்கம், ஒரு நாள் காய்ச்சல் - இவை பலருக்கு வரும். இரண்டு மூன்று நாளில் அடங்கும். நாம் பேசுவது வேறொரு வலியைப் பற்றி. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ தோளிலேயே கடுமையாகத் தொடங்கி, வாரங்கள் கழிந்தும் விடாத வலி அது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பின்னல் போட முடியாது. சட்டையைக் கழற்ற முடியாது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

இது எப்படி நேருகிறது? மேற்கையில் போடும் தடுப்பூசி, தோளின் கீழே திரண்டிருக்கும் தசையின் நடுவில் இறங்க வேண்டும். தோளின் உச்சியில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே இருப்பது அந்த இடம். அதற்கு மேலே, எலும்பை ஒட்டிக் குத்தினால், தசைக்கும் மூட்டுக்கும் இடையே உராய்வைத் தடுக்க இயற்கை வைத்திருக்கும் மெல்லிய பைக்குள் மருந்து போய்விடக் கூடும். நோயை எதிர்க்க உடம்பைத் தூண்டுவதே தடுப்பூசியின் வேலை. அந்தத் தூண்டுதல் தசையில் நடந்தால் நன்மை. மூட்டை ஒட்டிய பையில் நடந்தால் அழற்சி. வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிப் போவதும் உண்டு. ஆக, குற்றம் பெரும்பாலும் மருந்தில் இல்லை. மருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது.

2010-ல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட 13 பேரை ஆராய்ந்து, ஆறு மாதத்துக்கு மேலும் வலி நீடித்ததை எழுதி வைத்தார்கள். அந்த நாட்டில் 1986-ல் இயற்றிய சட்டத்தின்படி, தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர் எவர் பேரிலும் குற்றத்தை நிரூபிக்காமலே நஷ்டஈடு கோரலாம். அந்தச் சட்டத்தின் பட்டியலில், 48 மணி நேரத்துக்குள் தொடங்கும் தோள் பாதிப்பு 2017-ல் சேர்க்கப்பட்டது. இதற்கான நிதி, ஊசி ஒவ்வொன்றின் மீதும் விதிக்கும் வரியிலிருந்து வருகிறது. முதலாளித்துவத்தின் கோட்டை என்று பெயரெடுத்த நாடே இந்த வலியை மெய் என்று ஒப்புக்கொண்டு பணமும் தருகிறது!

நம் நாட்டில் என்ன நடந்தது? 2021 ஜனவரி 16-ல் கோவிட் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ல் நூறு கோடியும், 2022 ஜூலை 17-ல் இருநூறு கோடியும் எட்டியதாக சர்க்கார் விழா எடுத்தது. இத்தனை கோடி ஊசியையும் போட்ட கைகள் யாருடையவை? கிராம சுகாதார நர்சுகளும் ஆஸ்பத்திரி நர்சுகளும்தாம். 2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்த தமிழ்நாட்டு நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடியதை உழைப்பாளி மக்கள் மறக்கவில்லை. வரிசை வாசல் வரை நிற்க, மேலதிகாரி மாலைக்குள் கணக்குக் கேட்க, நின்றபடியே குனிந்து குத்த வேண்டிய நர்சின் ஊசி இரண்டு விரற்கடை மேலே போய்விட்டால், குற்றம் அவர் கையிலா, அவரை அப்படி நிறுத்தி வைத்த ஏற்பாட்டிலா? நர்சையும் நோயாளியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு சுகாதார இலாகா ஒதுங்கிக் கொள்ள நாம் அனுமதிக்கக் கூடாது.

இன்னொன்றையும் திட்டவட்டமாகச் சொல்லுகிறோம். இதைக் காட்டித் தடுப்பூசியே வேண்டாம் என்று கிளம்புகிறவர்களுடன் நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரியம்மையை இந்நாட்டிலிருந்து ஒழித்தது தடுப்பூசி. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது சொட்டு மருந்தால். அரிவாள் வெட்டுப்பட்ட காலோடு சேற்றில் நிற்கும் உழைப்பாளியை ரணஜன்னியிலிருந்து காப்பது டி.டி. ஊசி. பணக்காரன் நோய்க்குத் தப்ப நூறு வழி உண்டு. ஏழைக்கு உள்ள வழிகளில் தலையாயது தடுப்பூசி. அந்த ஊசி சரியான இடத்தில் இறங்க வேண்டும் என்பதே நம் பேச்சு.

உண்மையைப் பேசாத இடத்தில் வதந்தி குடியேறும். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ல் மாரடைப்பால் காலமானார். ஊசிதான் காரணம் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற தேசியக் குழுவின் முடிவு வெளிவர அக்டோபர் ஆயிற்று. புகழ்பெற்ற கலைஞர் விஷயத்திலேயே ஆறு மாதம்! திருமழபாடிப் பக்கத்து நடவுப் பெண்ணின் தோளுக்கு எந்தக் குழு கூடும்? கையில் வலி என்றாலே "சிறு பாதிப்பு" என்ற பட்டியலில் போட்டுக் கணக்கை முடித்துவிடுவது வழக்கம். ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் கிடந்தவளுக்கு அது சிறு பாதிப்பா?

பாதகமான விளைவுகளை மக்களும் தனியார் டாக்டர்களும் நேரே தெரிவிக்க வசதி செய்ய வேண்டும், அவற்றைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று 2022 மே 2-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், கோவிட் தடுப்பூசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில் மத்திய சர்க்கார் சொன்னது என்ன? ஊசி போடச் சட்டக் கட்டாயம் இல்லை. நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது. அன்றாடம் கூலிக்குப் போகிறவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? வக்கீலுக்கு எதைக் கொடுப்பார்?

ஈ.எஸ்.ஐ.யில் பதிவான ஆலைத் தொழிலாளி, டாக்டர் சான்று பெற்றால் விதிகளுக்கு உட்பட்டு ஆண்டில் 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் பெறலாம். இந்த உரிமையை ஆலைத் தோழர்கள் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். பெயரே பதிவேறாத காண்டிராக்ட் தொழிலாளிக்கு அது எட்டாக் கனி. விவசாயத் தொழிலாளிக்கோ அந்த வாசலே கிடையாது.

ஆகவே நாம் கோருவது இது:

ஊசி போடும் இடத்தில் போடுகிறவருக்கும் போட்டுக்கொள்கிறவருக்கும் உட்கார இருக்கை வேண்டும். காலரை இழுத்துத் தோள் உச்சியை மட்டும் காட்டும் வழக்கம் ஒழிய வேண்டும்; சட்டைக் கையைக் கழற்றி மேற்கை முழுவதும் தெரிய வேண்டும். இறுக்கமான ரவிக்கை போட்ட பெண்களுக்கு மறைப்பு கட்டித் தர வேண்டும்.

எந்த மருந்து, எந்தத் தேதி, எந்தக் கை என்று எழுதிய சீட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தோள்வலியை ஆரம்ப சுகாதார நிலையம் பதிவு செய்தாக வேண்டும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. ஊசியால் தோள் பாதித்தவர்களுக்கும் அந்தச் சிகிச்சை கிராமத்திலேயே கிடைக்க வேண்டும். அரியலூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழப்பவர் எத்தனை முறை போவார்?

வேலையிழந்த நாட்களுக்குக் கூலியை ஈடு செய்ய, குற்றத்தை நிரூபிக்கச் சொல்லாத நஷ்டஈட்டு ஏற்பாடு தோள் பாதிப்புக்கும் பொருந்த வேண்டும். ஊரின் நன்மைக்காகக் கை நீட்டியவர் நஷ்டத்தைத் தனியே சுமப்பது நியாயமாகாது. நர்சுகளின் காலியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும்.

இது கைகூடும் வரை தோழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஊசிக்கு உட்காருங்கள், தோளை முழுவதும் திறந்து காட்டுங்கள். வலி இரண்டு வாரம் கடந்தும் கை தூக்க முடியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். இடம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் ஏறினால் அன்றே போங்கள். முரட்டுத்தனமாக உருவிவிட இடம் கொடாதீர்கள். பலருக்கு மருந்தாலும் பயிற்சியாலும் இந்த வலி தீருகிறது என்பதை மறவாதீர்கள்.

தனியாகப் போய்ச் சொன்னால் "வாயுப் பிடிப்பு" என்பார்கள். சங்கத்தின் மூலம் பத்துப் பேராகப் போய்ச் சொல்லுங்கள், பதிவேடு திறக்கும். தடுப்பூசிக்குக் கையை நீட்டுவோம்! அந்தக் கை கெட்டால் அதற்குக் கணக்கும் கேட்போம்!