பிஷப் வீட்டு முட்டை

'க்யூரேட்ஸ் எக்' என்றால் பாதி தேவலை, பாதி மோசம் என்றுதான் இப்போது அர்த்தம் பண்ணுகிறார்கள். ஒரிஜினல் சமாசாரம் வேறு ஸார்.

1895 நவம்பர் 9 தேதியிட்ட லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் ஜார்ஜ் டு மோரியே போட்ட கார்ட்டூன் அது. பிஷப் வீட்டில் காலை டிபன். க்யூரேட் என்கிற ஜூனியர் பாதிரிக்குக் கெட்ட முட்டை வந்துவிட்டது. பிஷப்பே பார்த்துக் கேட்டும்விட்டார். பையன் என்ன செய்வான்? வேலைக்கு லைசென்ஸ் தருவதே அவர்தான். ஐயையோ, இல்லவே இல்லை, சில பகுதிகள் பிரமாதம் என்கிறான்!

அழுகின முட்டையில் ஏதய்யா நல்ல பகுதி? அதுதான் ஜோக்கே. பின்னால் வந்தவர்கள் பையனின் பயத்தை மறந்துவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எதற்கும் எம்.டி. எழுதிய ரிப்போர்ட்டை அவரிடமே 'க்யூரேட்ஸ் எக்' என்று வர்ணித்து வைக்காதீர்கள். மனுஷருக்குக் கதை தெரிந்திருக்கலாம்.