தீர்வைக்கு ஆவான், திறனுக்கு ஆகானோ?

மாறிவரும் தொழிலுக்கேற்ப மக்களைப் பழக்கப் பணம் ஒதுக்கிற்று, சிங்கப்பூர் அரசின் 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம். நாற்பது வயது கண்ட குடிமக்களுக்குத் திறன் பயிற்சிக்கென 4,000 வெள்ளி. நிறுவனங்களுக்கு வருமான வரியிலே பாதி தள்ளுபடி, 40,000 வெள்ளி வரையில். பாராட்டுகிறோம். வேலை போயிற்றா, விதியென்று கிட என்னாமல், கற்றுக்கொள், கட்டணம் நாங்கள் தருகிறோம் என்றுரைப்பது பகுத்தறிவின்பாற்பட்டதே!

ஆனால் தோழர்களே, நிலத்தை அடகு வைத்துத் தரகனுக்கு அழுதுவிட்டு அங்கே சென்று, வானளாவும் மாடங்களை எழுப்புகிறானே நம் புதுக்கோட்டைத் தோழன், அவன் அந்தப் பட்டியலில் எங்கே? வேலை அனுமதி பெற்றவன் குடிமகனல்லன். ஆகவே அந்த 4,000-இல் ஒரு காசும் அவனுக்கில்லை.

குடிமக்கள் பணம் குடிமக்களுக்கே என்பர். அப்படியா? அவன் தலையை எண்ணி, மாதந்தோறும் முதலாளியிடம் அரசு தீர்வை வாங்குகிறதே, அது எவன் உழைப்பிலே விளைந்தது? கட்டுமானத் துறையில் 2024 முதல், உயர்தேர்ச்சி பெற்றவன் பேரில் 500 வெள்ளி. அடிப்படைத் தேர்ச்சியோடு நிற்பவன் பேரில் 900 வெள்ளி! தேர்ச்சிக் குறைவுக்குத் தண்டம் உண்டு. தேர்ச்சிக்கான பணத்திலோ பங்கில்லை. என்ன கணக்கு இது?

அத்தீர்வையில் ஒரு பகுதி அவன் கைத்திறன் வளர்க்கச் செல்லட்டும். கேட்பதற்கு அவனுக்கு அங்கே வாக்குச்சீட்டு இல்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.