ஒரு வாரச் சமத்துவத்தைப் புகழ வேண்டாம்

டிசம்பர் பிறந்தால் போதும், பண்டைய ரோமின் சாட்டர்னாலியா விழாவைப் புகழ யாராவது வந்துவிடுகிறார்கள். அடிமைக்கு எஜமானன் பரிமாறிய சமத்துவத் திருநாளாம். பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். இந்தப் புகழ்ச்சியை என்னால் ஏற்க முடியவில்லை.

விழா அழகானதுதான். டிசம்பர் 17 அன்று தொடங்கும். ஆண்டு முழுக்கக் கம்பளியால் கட்டப்பட்டிருந்த சாட்டர்ன் சிலையின் கால்களை அப்போது அவிழ்த்துவிடுவார்கள். அந்த வேளாண் கடவுள் ஆண்ட பொற்காலத்தில் ஆண்டான் அடிமை என்ற பேதமே இல்லை என்பது ரோமானியரின் நம்பிக்கை. கி.மு. 217-இல், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் தோற்று நகரம் நடுங்கிக் கிடந்தபோது, ஊர்கூடி விருந்து வைத்து விழாவைப் பெரிதாக்கினார்கள். நீதிமன்றத்துக்கு விடுமுறை, சூதாட்டத்துக்கு அனுமதி. மெழுகுவர்த்தியும் மண்பொம்மையும் பரிசாகக் கைமாறும். விடுதலை பெற்ற அடிமைக்குரிய தொப்பியை எஜமானர்களும் அணிவார்கள்.

இதை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "விழா முடிஞ்சப்புறம் பாத்திரத்தை யார் டீச்சர் கழுவினாங்க?"

பதில் ரோமானியக் கவிஞர் ஹோரஸின் கவிதையில் இருக்கிறது. விழாச் சலுகையில் டாவுஸ் என்ற அடிமை எஜமானரிடமே வாய் திறக்கிறான். நகரத்தில் இருந்தால் கிராமத்துக்கு ஏங்குகிறீர்கள், கிராமத்தில் இருந்தால் நகரத்தைப் புகழ்கிறீர்கள், உங்கள் ஆசைகளுக்கு நீங்களும் அடிமைதானே என்கிறான். எஜமானருக்குப் பொறுக்கவில்லை. எறியக் கல் தேடுகிறார். உடனே ஓடாவிட்டால் சபைன் பகுதியிலுள்ள என் பண்ணைக்கு ஒன்பதாவது வேலையாளாக அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். கவிதையில் அந்த எஜமானர் ஹோரஸ்தான். அவருடைய தந்தையோ அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்.

பிற்காலத்திலும் இதே மனப்பான்மைதான். கி.பி. 43-இல் பிரிட்டன் மீது படையெடுக்க ரோமானிய வீரர்கள் தயங்கினார்கள். அவர்களிடம் பேசப் பேரரசர் கிளாடியஸ் அனுப்பிய நார்சிஸஸ், முன்னாள் அடிமை. அவர் மேடையேறியதுமே வீரர்கள் சாட்டர்னாலியா முழக்கமிட்டுக் கேலி செய்தார்கள். அடிமையாக இருந்தவன் அதிகாரத்தோடு பேசினால் அது அவர்களுக்கு விழாக்காலக் கூத்து. அந்த விருந்துகள் அவர்கள் மனத்தை ஒரு துளியும் மாற்றவில்லை.

வரலாற்று ஆசிரியர்களே, தொப்பியையும் விருந்தையும் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே டாவுஸுக்குக் கிடைத்த மிரட்டலையும் சொல்லிவிட்டுப் பாடத்தை முடியுங்கள்.