வேலை நம்முடையது, பெயர் எவருடையது?

வாலிநோக்கத்து உப்பளத்தில் பாத்தி மிதித்துப் பிழைக்கும் ஒருவரின் மகன், என் பழைய மாணவன், அண்மையில் ஒரு சுவடியோடு என்னைக் காண வந்தான். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் அவனுக்கு நேர்காணல். ‘டெவலப்பர்’, ‘டெஸ்டர்’, ‘டீம் லீடர்’, ‘டேட்டா அனலிஸ்ட்’ என முப்பது பணிப்பெயர்களை எழுதி உருப்போட்டிருந்தான். “இவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்பவர், தம்பி?” என்றேன். விழித்தான்.

ஆங்கிலம் கற்காதே என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ஏழை மகன் சோற்றில் மண்ணள்ளிப் போடுவதாகும். இருவரும் திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொரு பெயர்க்கும் நேரே தமிழ் எழுதினோம்: மென்பொருள் உருவாக்குநர், மென்பொருள் ஆய்வர், குழுத்தலைவர், தரவுப் பகுப்பாய்வாளர். எழுத எழுத, ஆக்குபவர் எவர், பிழை தேடுபவர் எவர், எவர்க்குக் கீழ் எவர் என்பதெல்லாம் அவனுக்குத் தாமே விளங்கின. ஆங்கிலச் சொல்லும் அதன் பின்னரே நெஞ்சில் நின்றது.

“இச்சொற்கள் வழங்குமா?” என நகைப்பார் உளர். முன்னர் ‘அக்கிராசனர்’, ‘காரியதரிசி’, ‘அபேட்சகர்’ என்றே மேடைதோறும் முழங்கினர். 1916-இல் மறைமலையடிகளார் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வேரூன்றியபின், தலைவர், செயலாளர், வேட்பாளர் என்பன ஊர்ப் பாட்டியரும் அறிந்த சொற்களாயின. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அலுவலகப் பலகைகளில் தாசில்தார் வட்டாட்சியரானார். வழங்கினோம், வழங்கின.

எம் பகுதியில் உப்பு விளைக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனமும், பாவாணர் தலைமையிலான செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டமும் 1974 என்னும் ஒரே ஆண்டில் தோன்றியவை. கடல்நீரைப் பாத்தியில் தேக்கினாலன்றி உப்பு விளையாது. அகரமுதலிச் சொல்லும் மாந்தர் வாய்க்கு வந்தாலன்றி வாழாது.

கணினித் துறையில் பணியாற்றும் தமிழன்பர்களே! உங்கள் பெயரட்டையின் ஒரு பக்கத்திலேனும் பணிப்பெயரைத் தமிழில் பொறியுங்கள். தமிழக அரசே! நின் நிலத்தில் தொழில் நடத்தும் நிறுவனங்கள், பணியமர்த்தல் மடலில் பணிப்பெயரைத் தமிழிலும் குறிக்க ஆணையிடுக!

“மகன் எந்த வேலைக்குக் கேட்டுப் போகிறான்?” என்று அண்டை வீட்டார் வினவியபோது, அம் மாணவனின் தாய் தயங்காமல் சொன்னாராம்: “கணினியில் பிழை பார்க்கிற வேலைக்கு.” பெற்றவளுக்கே விளங்காத பெயர், எத்துணைப் பெரிய பெயராயின் என்ன?