செவ்வாயில் ஒரு குடித்தனம்

செவ்வாய்க் கிரகத்துக்குப் போக என்ன வேண்டும்? "ராக்கெட்!" என்பார்கள் வீட்டு ஆண்கள். போய்ச் சேர ராக்கெட் போதும். அங்கே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து திரும்ப வேண்டுமே! அதற்குக் குடித்தனம் நடத்தத் தெரிந்த கை வேண்டும். இதை விஞ்ஞானிகளே இப்போது ஒப்புக்கொண்டு பரீட்சை நடத்துகிறார்கள்.

எப்படி என்கிறீர்களா? பூமியிலேயே ஒரு வீட்டைக் கட்டி, அதைச் செவ்வாய் என்று பாவித்துக்கொண்டு, சிலரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடை கண்ணி கிடையாது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்க முடியாது.

நம் தேசத்திலும் இது நடந்தது. லடாக்கின் த்ஸோ கார் பள்ளத்தாக்கில், 'ஹோப்' என்ற வீட்டை 2025 ஜூலை 31-ந் தேதி இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் திறந்துவைத்தார். வசிக்க 8 மீட்டர் விட்டமுள்ள ஒரு கூடு. சமையல் முதலிய காரியங்களுக்கு அதையொட்டி 5 மீட்டரில் இன்னொன்று. இரண்டு பேர் 10 நாள் இருந்தார்கள். பத்து நாள்தானே, மாமியார் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி என்பீர்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், நாஸாவின் 1,700 சதுர அடி வீட்டுக்குள் 2023 ஜூன் 25-ல் நுழைந்த நால்வர், 2024 ஜூலை 6-ல்தான் வெளியே வந்தார்கள். 378 நாள்! செவ்வாய் அத்தனை தூரம் ஆயிற்றே, அதனால் இவர்கள் சொல்லும் வார்த்தை வெளியே போய்ச் சேர 22 நிமிஷம், பதில் வர 22 நிமிஷம் என்று ஏற்பாடு. "சர்க்கரை டப்பா எங்கே?" என்று கேட்டால் 44 நிமிஷம் காத்திருக்க வேண்டும்!

ஹவாய்த் தீவின் மௌன லோவா எரிமலைச் சரிவில் 2013-ல் ஆறு பேர் நாலு மாதம் இருந்தார்கள். என்ன ஆராய்ச்சி தெரியுமா? சமையல்! பொட்டலச் சாப்பாட்டையே தின்று அலுத்து, விண்வெளி வீரர்கள் நாளடைவில் குறைவாகச் சாப்பிட்டு இளைத்துப் போகிறார்களாம். மாவு, அரிசி, உலர்த்திய காய்கறி இவற்றைக் கொண்டு தாங்களே சமைத்தால் தேவலையா என்று பார்த்தார்கள். குளிக்க வாரத்துக்கு மொத்தமே 8 நிமிஷம்.

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியை, ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று அறிவீர்கள். அது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்க்கும் நாளே அதிகம். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம் இந்த 8 நிமிஷக் கதையைச் சொல்லுங்கள், "இதென்ன அதிசயம்?" என்பாள். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு என்பது அவளுக்குப் பால பாடம். கொத்தவரை வற்றலும் மிதுக்க வற்றலும் பானையில் இருந்தால், காய் கிடைக்காத நாளிலும் குழம்பு உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே செலவான ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் கணக்கு. சரியாகத் தூங்கினாயா, சலிப்பாக இருக்கிறதா, யார் மேலாவது கோபமா என்று விடாமல் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். குடும்பம் கசந்தால் பிரயாணமே கெட்டுவிடும் என்ற பயம்! குடத்தை இடுப்பில் வைத்து நடந்தவளிடம் "களைத்துப் போனாயா?" என்று இங்கே யார் கேட்கிறார்கள்? தவிர, அவர்களுக்கு 378-ம் நாள் கதவு திறந்துவிடுகிறது.

சகோதரிகளே, இந்த வீடுகளில் சமைப்பதும் துலக்குவதும் எல்லோருக்கும் முறை வைத்துத்தான். தலைவர் என்றாலும் தப்ப முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டையும் ஒரு நாள் செவ்வாய்க் கிரகமாக்கிப் பாருங்கள். முறைப் பட்டியலை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். "காப்பி எங்கே?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தால் பதறாதீர்கள்.

பதில் போய்ச் சேர 44 நிமிஷம் ஆகும்!